விரிசலில் எட்ரிங்கைட் இருந்தால் சல்ஃபேட்தான் காரணமா?

வாசகர் கேள்வி, 3 ஜூன்

14 ஆண்டுகளுக்கு முன் வார்த்த, மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவர் ஒன்றில் வலை பின்னியதுபோல் விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். விரிசல்களுக்குள்ளும் காற்றுக் குமிழிகளுக்குள்ளும் எட்ரிங்கைட் என்ற சல்ஃபேட் கனிமத்தின் ஊசிகள் நிறைந்திருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு காட்டி, மண்ணிலிருந்து வந்த சல்ஃபேட்டின் தாக்குதல் என்று அறிக்கையை முடித்திருக்கிறார்கள். ஆனால் சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணையும் நீரையும் சோதித்ததில் சல்ஃபேட் மிகக் குறைவு. அமுக்க வலிமையிலும் கான்கிரீட் தேறிவிட்டது. இருந்தாலும் கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? எட்ரிங்கைட் இருக்கிறதென்றால் சல்ஃபேட் தாக்கியிருக்கிறது என்றுதானே பொருள்?

3 ஜூன், மாலை

அப்படிப் பொருள் இல்லை. எட்ரிங்கைட் எல்லாப் போர்ட்லண்ட் சிமெண்ட் கான்கிரீட்டிலும் உண்டாகும் பொருள். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடக் கூடாது என்பதற்காக ஆலையிலேயே ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த ஜிப்சமும் சிமெண்டிலுள்ள அலுமினேட்டும் சேர்ந்து முதல் சில மணி நேரத்திலேயே எட்ரிங்கைட்டை உண்டாக்கிவிடுகின்றன. பின்னாளில் கான்கிரீட்டுக்குள் ஈரம் நடமாடும்போது அது கரைந்து, இடம் கிடைத்த பக்கம் போய் மறுபடியும் படிகமாகிறது. அப்படிக் கிடைக்கும் இடங்கள் காற்றுக் குமிழிகளும் விரிசல்களும்தான். ஆகவே 14 ஆண்டுகள் நனைந்து காய்ந்த சுவரில் ஊசிகளே இல்லை என்று அறிக்கை வந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

படங்களை மறுபடி எடுத்து, ஊசிகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். குமிழியின் சுவரிலிருந்து நடுவெளியை நோக்கி நீண்டு, முனை மழுங்காமல் வளர்ந்திருந்தால், அவை வெற்றிடத்தில் சாவகாசமாக வளர்ந்தவை; எதையும் தள்ளி உடைக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. பாழடைந்த வீட்டில் குடியேறியவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டை இடித்ததே இவர்தான் என்று எழுதியதுபோல் இருக்கிறது அந்த அறிக்கை.

வெளியிலிருந்து வரும் சல்ஃபேட்டுக்கு ஒரு திசை உண்டு. அது மண்ணைத் தொடும் முகத்திலிருந்து உள்நோக்கி வரும். அந்த முகத்துக்கு இணையாக அடுக்கடுக்காக விரிசல்கள் அமையும். முகத்தை ஒட்டிய பகுதியில் ஜிப்சமும் படிந்திருக்கக் காணலாம். ஆழம் போகப் போகச் சேதம் குறையும். உங்கள் கோர்கள் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு ஆழத்துக்கு எடுக்கப்பட்டவை?

3 ஜூன், இரவு

கேட்க மறந்தது: மாதிரித் துண்டை அறுக்கும்போது குளிர்விக்கத் தண்ணீர் விட்டார்களா, எண்ணெய் விட்டார்களா, பிறகு அடுப்பில் காயவைத்தார்களா என்பதையும் ஆய்வகத்தில் கேட்டுச் சொல்லுங்கள். தண்ணீரில் அறுத்தால் கரையக்கூடிய உப்புகள் போய்விடும். அடுப்பைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

4 ஜூன்

கதை இதுதான். நான் நிலவியல் படித்துவிட்டு, கான்கிரீட்டை நுண்ணோக்கியில் ஆராயும் இந்தத் துறைக்கு வந்தவன். பாறையை வெட்டிப் பழகிய கை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, அவசரமாக அறிக்கை கேட்ட ஒரு வேலையில், எபாக்சிப் பிசின் நன்றாக இறங்க வேண்டும் என்பதற்காகக் கான்கிரீட் துண்டை 105 டிகிரி அடுப்பில் ஓரிரவு காயவைத்தேன். பாறையானால் அதனால் ஒன்றும் கெடாது. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் சிமெண்ட் பசை முழுவதும் மயிரிழை விரிசல்கள், ஜல்லியிலிருந்து ஜல்லிக்குத் தாவித் தாவி ஓடுகின்றன. 'கடுமையான உலர் சுருக்கம்' என்று எழுதி, அழகான படங்களும் இணைத்துவிட்டேன்.

கையெழுத்துக்குப் போன இடத்தில் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த விரிசல்களில் எதற்குள்ளாவது ஏதாவது இருக்கிறதா? ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஓரங்களில் கார்பனேஷன் (காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு வரும் மாற்றம்) இல்லை, படிவு இல்லை, அழுக்குகூட இல்லை. உடைந்த கண்ணாடியைப் போல் பளிச்சென்ற விளிம்புகள். பல ஆண்டுகளாகத் திறந்திருந்த விரிசல் அவ்வளவு சுத்தமாக இருக்க வழியே இல்லை. அவை அடுப்பில் நானே உண்டாக்கிய விரிசல்கள். அந்தச் சூட்டில் எட்ரிங்கைட்டும் தன்னிடமுள்ள நீரை இழந்து சிதைந்துவிடும் என்பதால், இல்லாத சேதத்தை உண்டாக்கியதோடு இருந்த சாட்சியையும் அழித்திருந்தேன். அறிக்கை கிழிபட்டது. அன்றிலிருந்து எந்த விரிசலைப் பார்த்தாலும் முதலில் அதன் வயதைத்தான் தேடுகிறேன்.

5 ஜூன்

உங்கள் பதிலைப் பார்த்தேன். இரண்டு கோர்களும் வெளிமுகத்திலிருந்து 15 செ.மீ. ஆழம், சுவரின் தடிமனோ 40 செ.மீ. அப்படியானால் மண்ணிலிருந்து சல்ஃபேட் வந்தது என்று எழுதியவர்கள் மண்ணைத் தொடும் கான்கிரீட்டைப் பார்க்கவே இல்லை.

நேராக எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போனதும் எனக்கு உறுத்துகிறது. இறுகிய கான்கிரீட்டை இவ்வகையில் ஆராய்வதற்கான ஏ.எஸ்.டி.எம். சி 856 என்ற அமெரிக்கத் தர முறையேகூட வெறுங்கண்ணால் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. முழுக் கோரையும் மேசையில் வைத்து, நனைத்து, காய விட்டுப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசல்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்புக் கோடுகளாகத் துலங்கும். நீளவாக்கில் அறுத்து மெருகேற்றிய முகத்தை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 10 மடங்கு, 20 மடங்கு, 50 மடங்கு என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, சந்தேகம் எழுந்த இடத்திலிருந்து மெல்வெட்டு. அதிலும் தீராத கேள்விக்குத்தான் எலக்ட்ரான் கற்றை. இறுதியில் பார்க்க வேண்டிய நகக்கண் அளவுத் துண்டை முதலில் பார்த்தால், அந்தத் துண்டு ஏன் அந்த இடத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்காது.

மெல்வெட்டு என்பது துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்துக் கொள்வது. 1880களில் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே சிமெண்ட் கிளிங்கரை (அரைத்துச் சிமெண்டாக்கும் சூளைக் கட்டியை) இப்படித்தான் ஆராய்ந்தார். 1897இல் ஸ்வீடன் நிலவியலாளர் டோர்னெபோம் அதிலுள்ள படிகங்களுக்கு அலைட், பிலைட் என்று பெயர் வைத்தார். முனைவாக்கிய ஒளியில், குறுக்கு நிலையில், அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிய இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கும்போது, நல்ல பசை கிட்டத்தட்ட இருண்டு கிடக்கும். அதன் நடுவே கால்சியம் ஹைட்ராக்சைடு சிறு சிறு வண்ணத் துணுக்குகளாக மினுக்கும். கார்பனேஷன் ஆன பகுதியோ மணல் நிறத்தில், பொடிப்பொடியாக, முழுக்க ஒளிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். விரிசலின் வயதை அறியவும் இந்தக் கோடு உதவும்: இரு ஓரமும் இப்படி ஒளிர்ந்தால் காற்று நெடுநாளாக உள்ளே போய்வந்திருக்கிறது.

5 ஜூன், சற்றுப் பிறகு

திருத்தம். 30 மைக்ரான் என்பது பாறைக்கான கணக்கு, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். சிமெண்ட் பசையின் துகள்கள் மிக நுண்மையானவை என்பதால் அந்தத் தடிமனில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கித் தெரியும். கான்கிரீட்டுக்கு 20 முதல் 25 மைக்ரான் வரை இறக்குவதே நல்லது.

7 ஜூன்

நீர்-சிமெண்ட் விகிதத்தை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்க முடியுமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். எண்ணாகக் கேட்டால் தயங்குவேன். ஒப்பீடாகக் கேட்டால் முடியும் என்பேன். ஒளிர்சாயம் கலந்த எபாக்சியை வெற்றிடத்தில் வைத்து மாதிரிக்குள் இறக்கினால், பசையில் நுண்துளை கூடக்கூட ஒளிர்வும் கூடும். விகிதம் தெரிந்த மாதிரிகளை அதே தடிமனில் செய்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது 0.4க்கு அருகிலா 0.6க்கு அருகிலா என்று சொல்லிவிடலாம். நீரேறாமல் மிச்சமிருக்கும் சிமெண்ட் துகள்களையும் எண்ணலாம். தண்ணீர் குறைவாக இருந்த கலவையில் அவை அதிகம் மிஞ்சும். ஆனால் பழைய காலச் சிமெண்ட் கொரகொரப்பாக அரைக்கப்பட்டது. அதில் எப்படியும் துகள்கள் மிஞ்சும். வயதை மறந்து எண்ணினால் ஏமாந்து போவோம்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஜல்லியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. வார்த்த கான்கிரீட்டில் மேலெழும் நீர் ஜல்லிக்கு அடியில் தேங்கி நின்று, பின்னர் மெல்லிய பிறைபோன்ற வெற்றிடமாகிவிடும். பிறைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டினால், வார்த்தபோது எது கீழ்ப்பக்கமாக இருந்தது என்பதுகூடத் தெரிந்துவிடும். கலவை இறுகத் தொடங்கிய பிறகு யாரோ தண்ணீர் ஊற்றிக் கலக்கியிருந்தால், சிறு காற்றுக் குமிழிகள் ஜல்லியைச் சுற்றி எறும்புபோல் மொய்த்திருப்பதையும் காணலாம். தளத்தில் அன்று தண்ணீர் ஊற்றவே இல்லை என்று சத்தியம் செய்தவர்களின் கான்கிரீட்டில் அந்த மொய்ப்பை நான் பார்த்திருக்கிறேன்.

8 ஜூன்

'இருக்கக்கூடும், ஒத்துப்போகிறது, மறுப்பதற்கில்லை என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறீர்கள்' என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். உண்மைதான். மூன்றில் எதை எந்த வரியில் போடுவது என்பதற்குத்தான் ஒரு வாரம் ஆகிறது.

9 ஜூன்

நீங்கள் அனுப்பிய புதிய படங்கள் முழுக் கதையையும் வேறு பக்கம் திருப்புகின்றன. அறுத்த முகத்தில் பல ஜல்லிகளைச் சுற்றிக் கருமையான விளிம்பு தெரிகிறது. சில குமிழிகளில் வெண்மையான, காய்ந்த பசைபோன்ற படிவு. விரிசலை ஒட்டி, துடைத்த பின்னும் ஈரம் போகாததுபோன்ற மினுமினுப்பு. ஊசிகளை மறந்துவிட்டு இவற்றைப் பார்ப்போம். இவை அல்கலி-சிலிக்கா வினையை, அதாவது சிமெண்டின் காரம் ஜல்லியைத் தாக்குவதை, நினைவூட்டுகின்றன.

அல்கலி-சிலிக்கா வினையை முதலில் கண்டறிந்தவர் கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளராக இருந்த தாமஸ் ஸ்டான்டன்; ஆண்டு 1940. சிமெண்டிலிருந்து வரும் சோடியமும் பொட்டாசியமும் பசையின் துளை நீரைக் கடுங்காரமாக்கி வைத்திருக்கின்றன. ஜல்லியில் ஓபல், செர்ட், எரிமலைக் கண்ணாடி போன்று ஒழுங்கற்ற கட்டமைப்புள்ள சிலிக்கா இருந்தால், அந்தக் காரநீர் அதை அரித்துக் கூழாக்குகிறது. கூழ் தண்ணீரை உறிஞ்சிப் பெருத்து, ஜல்லியை உள்ளிருந்து பிளக்கிறது.

கருவிளிம்பை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லாக இருந்தால், கான்கிரீட்டுக்குள் வருவதற்கு முன்பே வெயிலும் மழையும் அதற்கு விளிம்பு போட்டிருக்கும். உங்களுடையது உடைத்த ஜல்லி. கல்லுடைக்கும் இயந்திரத்தில் புதிதாக உடைந்த முகத்தையும் விளிம்பு தொடர்ந்து சுற்றி வருகிறதென்றால், அது உடைந்த பிறகு, பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள்தான், வந்திருக்க வேண்டும். விரிசல் ஜல்லியைச் சுற்றிப் போகிறதா, ஊடுருவிப் போகிறதா என்பது அடுத்த கேள்வி. ஜல்லியைப் பிளந்து போனால் அல்கலி-சிலிக்கா வினைதான்.

9 ஜூன், இரவு

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அடுப்புக் கதையை எழுதிய கையே அதையும் எழுதியிருக்கிறது. கான்கிரீட் இறுகுவதற்கு முன் வந்த விரிசல் ஜல்லியைச் சுற்றித்தான் போகும், ஏனென்றால் பசைக்கு அப்போது ஜல்லியை உடைக்கும் பிடிப்பு இல்லை. நன்கு இறுகிய பிறகு வரும் விரிசல், சுமையால் வந்தாலும் சரி, வேறு எதனால் வந்தாலும் சரி, ஜல்லியைப் பிளந்துகொண்டு போகலாம். வினையால் வந்ததென்றால், விரிசல் ஜல்லிக்குள்ளே தொடங்கி, அங்கே அகலமாகவும் பசைக்குள் போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். வழியில் கூழும் இருக்கும்.

இன்னொன்று. பாறையிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றும்போது அலையலையாக இருண்டால் அந்த ஜல்லி ஆபத்தானது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல அறிக்கைகளில் அந்த அலையின் கோணத்தை அளந்து எழுதியிருக்கிறேன். இப்போது அதை நம்புவதில்லை. அந்தப் படிகங்களின் ஓரங்களில் தூள்போலக் கிடக்கும் நுண்படிகக் குவார்ட்ஸ்தான் வினைபுரிகிறது. அலை அதன் உறவினர், அவ்வளவே.

11 ஜூன்

யுரேனைல் அசிடேட் தடவிப் புறஊதா ஒளியில் பார்த்தால் கூழ் மஞ்சள்-பச்சையாக ஒளிருமே, அது போதாதா என்கிறார் ஒருவர். கூழ் எங்கே இருக்கிறது என்று விரைவாகத் தேடுவதற்கு நல்ல வழி. ஆனால் தாமாகவே ஒளிரும் ஜல்லிகளும் உண்டு, கூழ் இருந்தும் சேதம் இல்லாத கான்கிரீட்டும் உண்டு. கதிரியக்கப் பொருள் என்பதால் கழிவைக் கையாள்வதும் எளிதல்ல. தேட உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

எட்ரிங்கைட்டுக்கு ஒரு வாய்ப்பையும் நியாயமாகத் தர வேண்டும். கான்கிரீட் இறுகும்போது உள்வெப்பம் சுமார் 70 டிகிரியைத் தாண்டினால், தொடக்கத்தில் உண்டாக வேண்டிய எட்ரிங்கைட் உண்டாகாமல் நின்று, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, இறுகிய பசைக்குள் உருவாகிப் பசையையே பெருக்கிவிடும். நீராவியில் பதப்படுத்திய ரயில் சிலிப்பர்களில் இந்தச் சேதம் பேர்போனது. இதற்கு அடையாளம், ஜல்லியைச் சுற்றி முழு வட்டமாக ஓர் இடைவெளி. பசை விரிந்து விலகியதால் வந்தது அது, ஜல்லி பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாக இருக்கும். உங்கள் படங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. 40 செ.மீ. சுவர் அவ்வளவு சூடாகியிருக்கவும் வாய்ப்புக் குறைவு.

சல்ஃபேட் தாக்குதலே கட்டுக்கதை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998இல் இங்கிலாந்தில் எம்5 நெடுஞ்சாலைப் பாலங்களின் மண்ணுக்குள் புதைந்த பகுதிகள் தாமசைட் என்ற சல்ஃபேட் கனிமமாக மாறிக் கூழாகிப் போயிருந்தன. மேலே நின்று பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் கனடாவின் குவெபெக்கிலும் வீட்டு அடித்தளங்கள் நொறுங்கியதற்குக் காரணமான சல்ஃபேட் மண்ணிலிருந்து வரவில்லை. ஜல்லிக்குள் இருந்த பைரோடைட் என்ற இரும்புச் சல்ஃபைடு காற்றும் ஈரமும் பட்டுச் சிதைந்ததில் உள்ளிருந்தே வந்தது. அங்கெல்லாம் இடமும் திசையும் சாட்சியோடு ஒத்துப்போயின.

17 ஜூன்

அனுப்பிய பாதிக் கோர் வந்து சேர்ந்தது. எண்ணெயில் அறுத்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் காயவைத்து, நீல எபாக்சி இறக்கி, இரண்டு மெல்வெட்டுகள் எடுத்தேன்.

இரண்டாவது வெட்டில் ஓர் ஜல்லி, 11 மி.மீ. நீளம். அதன் ஓரத்தில் நுண்படிகக் குவார்ட்ஸ் பட்டையாக ஓடுகிறது. பட்டை அரிக்கப்பட்டுப் பல்வரிசைபோல் தேய்ந்திருக்கிறது. அங்கேதான் விரிசல் தொடங்குகிறது. ஜல்லிக்குள் அதன் அகலம் 0.1 மி.மீ.; பசைக்குள் நுழைந்ததும் பாதிக்கும் குறைவு. ஜல்லிக்குள் இருக்கும் கூழ் கண்ணாடிபோல் தெளிவு. குறுக்கு நிலையில் மேடையை எப்படிச் சுழற்றினாலும் கறுப்பாகவே நிற்கிறது. பசைக்குள் போகப் போக அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு கலங்கிவிடுகிறது. விரிசல் ஒரு காற்றுக் குமிழியை வெட்டிக்கொண்டு போகும் இடத்தில், குமிழியின் உட்சுவரில் கூழ் ஒரு பூச்சாகப் படிந்திருக்கிறது. அந்தப் பூச்சின் மேல், நடுவெளியை நோக்கி, மங்கிய சாம்பல் நிறத்தில் எட்ரிங்கைட் ஊசிகள் நிற்கின்றன.

கூழ் கீழே, ஊசிகள் மேலே. கூழுக்கு அடியில், குமிழியின் சுவரை ஒட்டி ஒரு ஊசிகூட இல்லை. இதே வரிசையை நான்கு குமிழிகளில் பார்த்தேன். ஐந்தாவதில் ஊசிகள் மட்டும் இருந்தன, கூழ் இல்லை. அதையும் அறிக்கையில் எழுதுவேன். ஜல்லிதான் முதலில் உடைந்தது, தண்ணீர் அந்த வழியாக நடமாடியது, எட்ரிங்கைட் அதற்குப் பிறகு வந்து குடியேறியது என்று இந்தச் சுவரைப் பற்றிச் சொல்வதற்கு, இந்த முறை மூன்று சொற்களில் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

வலிமைச் சோதனையில் தேறியதில் வியப்பில்லை. இந்த வினை இழுவிசை வலிமையையும் மீள்தன்மைக் குணகத்தையும் (விறைப்பின் அளவு) முதலில் குறைக்கும். அமுக்க வலிமை வெகுநாள் தாக்குப்பிடிக்கும்.

18 ஜூன்

இனி எவ்வளவு பெருக்கும் என்ற கேள்விக்கு என் நுண்ணோக்கியில் பதில் இல்லை. மெருகேற்றிய முகத்தில் ஒரு செ.மீ. சதுரக் கட்டங்கள் போட்டு, 16 மடங்கு உருப்பெருக்கத்தில் விரிசல்களையும் கூழையும் எண்ணி, ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுத்து, இதுவரை நடந்த சேதத்துக்கு ஒரு மதிப்பெண் தர முடியும். அதைச் செய்து தருகிறேன். மிச்சமுள்ள பெருக்கத்துக்கு, புதிய கோர்களை 38 டிகிரியில், ஈரம் குறையாமல் வைத்து, மாதக்கணக்கில் நீளத்தை அளக்க வேண்டும். சுவரிலும் விரிசல்களின் இருபுறமும் அளவுப் புள்ளிகள் பதித்து இன்றே அளக்கத் தொடங்குங்கள். பின்பக்க வடிகால் அடைத்திருந்தால் அதை முதலில் திறந்துவிடுங்கள்; ஈரம் குறைந்தால் கூழின் பசியும் குறையும்.

மண்பக்கத்து முகத்தை நானும் இன்னும் பார்க்கவில்லை. ஜல்லிதான் உடைத்தது என்பது நான் பார்த்த 15 செ.மீ.க்குத்தான் பொருந்தும், மறுமுனையில் வேறொன்றும் சேர்ந்து நடந்துகொண்டிருக்கலாம். 40 செ.மீ. முழுவதும் வரும்படி ஒரு கோர் எடுங்கள். வெளியே வந்தவுடன் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, எந்த முனை மண்பக்கம், எந்தப் பக்கம் மேல் என்று அழியாத மையில் அம்புக்குறி போட்டு அனுப்புங்கள். போன முறை வந்த பாதிக் கோரில் அம்புக்குறி இல்லை. ஜல்லிக்கு அடியிலிருந்த பிறைகளைப் பார்த்துத்தான் எது மேல் என்று நானே கண்டுகொண்டேன்.